ஹோமரில் ஹாலிபட் படகு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் கிழமையைப் பாருங்கள்

அலாஸ்காவின் ஹோமருக்கு இந்தக் கோடையில் மீன்பிடிக்கப் போகும் எண்ணம் இருந்தால், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடித்தாலும் வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லாத ஒரு நாளுக்கு "முழுநாள் ஹாலிபட் பயணம்" என்று எங்களிடம் பணம் வாங்கினார்கள். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை.

ஹோமர் இருக்கும் தென்மத்திய அலாஸ்கா கடல் பகுதி 3ஏ எனப்படும் ஹாலிபட் எல்லைக்குள் வருகிறது. வருடத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் பசிபிக் ஹாலிபட் ஆணையம் முடிவு செய்கிறது. கேப்டனோடு வரும் வாடகைப் படகுகளுக்கென்று அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தாண்டாமல் இருக்கத்தான் கிழமைத் தடை. கடந்த பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் புதன்கிழமைகளில் வாடகைப் படகில் போகிறவர்கள் ஹாலிபட் வைத்துக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளில் கோடையின் சில செவ்வாய்க்கிழமைகளும் சேரும். சொந்தப் படகில் போகிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, வெளியூரிலிருந்து வந்து படகு எடுக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் மாட்டுவோம்.

எங்களுக்குக் கிடைத்த தேதி புதன்கிழமை. உச்ச சீசனான ஜூலையில் மற்ற படகுகளெல்லாம் நிரம்பியிருக்க, இது மட்டும் காலியாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறது. தொலைபேசியில் பேசியவர் கிழமையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதற்கு மேல் ஒரு கொக்கியும் போட்டார்: "ஆளுக்கு இரண்டு பெரிய மீன், கேப்டன், உதவியாள் பங்கையும் உங்களுக்கே தந்துவிடுவார்கள்." இரண்டுமே பொய். இரண்டு மீன் என்ற வரம்பு இருந்த ஆண்டுகளில் அதில் ஒன்று சின்னதாகத்தான் இருக்க வேண்டும். அந்த அளவு வருடா வருடம் மாறும், சமீப காலத்தில் 28 அங்குலத்தை ஒட்டி இருந்தது. கேப்டனும் உதவியாளும் வாடகைப் பயணத்தில் தங்களுக்கென்று ஹாலிபட் வைத்துக்கொள்ளவே கூடாது. இல்லாத பங்கை யார் தருவது?

பாதிப் பணம் அட்டையில் போனது. மீதியை அன்று காலை படகைப் பார்க்கும் முன்பே அலுவலக மேசையில் ரொக்கமாகக் கேட்டார்கள். கட்டிவிட்டுத் துறைமுகத்தில் இறங்கினால், படத்தில் இருந்த பெரிய படகு இல்லை. சின்னது ஒன்று நின்றது. கேப்டன், பாவம், நேர்மையான மனிதர். "இன்று புதன், ஹாலிபட் வைக்க முடியாது, ராக்ஃபிஷ்ஷும் லிங்காடும் பிடிக்கலாம். உங்களிடம் சொல்லவில்லையா?" என்றார். அலுவலகத்துக்குத் திரும்பிக் கேட்டபோது, பயணம் என்றுதான் விற்றோம், மீனுக்கு உத்தரவாதம் தரவில்லை என்றார்கள். மின்னஞ்சலின் தலைப்பிலேயே ஹாலிபட் என்று இருந்ததைக் காட்டினேன். அலுவலகத்தில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டார்.

அங்கரேஜிலிருந்து ஏறத்தாழ 220 மைல் ஓட்டி வந்திருந்தோம். சரி என்று போனோம். ராக்ஃபிஷ் வறுவலுக்கு நல்ல மீன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இந்த விலை இல்லை.

அடுத்த நாளுக்கு வேறொரு படகை நேரடியாகக் கேப்டனிடமே பேசிப் பிடித்தோம். அப்போதுதான் ஒழுங்கான ஆள் எப்படிப் பேசுவார் என்று தெரிந்தது. நாங்கள் கேட்கும் முன்பே அன்றைய ஓதத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 20 அடிக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் இரண்டு மூன்று பவுண்டு ஈயக்குண்டுகூடத் தரையில் நிற்காது. ஓட்டம் அடங்கும் நேரத்தில்தான் தூண்டில் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் எத்தனை மணி நேரப் பயணம் என்பதோடு, எத்தனை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருக்கும் என்றும் கேளுங்கள். தொலைவான இடம் என்றால் போகவர நேரமே பாதி நாளைத் தின்றுவிடும்.

இன்னொன்று, அனுமதிச் சீட்டு. 2011 முதல் ஹாலிபட் பிடிக்கும் வாடகைப் படகில் மத்திய அரசின் மீன்வளத் துறை தரும் தனி அனுமதி இருக்க வேண்டும். எந்தப் பகுதி, எத்தனை தூண்டில்காரர்கள் என்று அதிலேயே இருக்கும். கேட்டால் காட்ட மறுக்கும் படகில் ஏறாதீர்கள். ஆறு பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆய்வுச் சான்றும் வேண்டும். ஒரே படகில் காலை ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு ஹாலிபட் பயணம் விற்கிறார்களா, அதுவும் சந்தேகம்தான். இந்தப் பகுதியில் ஒரு படகுக்கு நாளொன்றுக்கு ஒரு ஹாலிபட் பயணம் என்பதே சமீப ஆண்டுகளின் விதி. மீன்பிடி உரிமம் நாமே வாங்க வேண்டும், மாநில மீன்வளத் துறையின் தளத்தில் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். அதைத் தன் "பேக்கேஜில்" சேர்த்துக் கூடுதல் விலை போடும் தரகர்களும் உண்டு. மீனை வெட்டி, வேக்யூம் பேக் செய்து, உறையவைப்பதற்குப் பவுண்டுக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் இருக்கும். விலையைப் போகும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதிவு மின்னஞ்சலையும் அந்த ஆண்டின் புதன்கிழமைத் தடை பற்றிய அரசு அறிவிப்பையும் சேர்த்து அட்டை நிறுவனத்திடம் முறையிட்டோம். விற்றவர் பதிலே அனுப்பவில்லை, முன்பணம் முழுதும் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த மீதி வரவில்லை. அதற்காக அலாஸ்கா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதியிருக்கிறோம், விசாரணை நடக்கிறது.