கோலஸா, ஃபாப்ரிகாவா?

அக்கா மகள் குர்ஸ்க் நகரில் மருத்துவம் படிக்கிறாள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டுக்குப் போனால் நோயாளியிடம் ரஷ்ய மொழியில்தான் பேசியாக வேண்டும். "காது பழகுற மாதிரி ஒரு பாட்டு நிகழ்ச்சி சொல்லுங்க மாமா. ஹாஸ்டல்ல ஒருத்தி கோலஸ் பாருங்கறா, இன்னொருத்தி பழைய ஃபாப்ரிகா பாருங்கறா" என்று போன வாரம் கேட்டாள்.

நான் 2013 முதல் மூன்று வருடம் மாஸ்கோவில் வேலை பார்த்தவன். கோலஸ் நடந்த வெள்ளிக்கிழமைகளில், இரவுச் செய்தி முடிந்ததும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஃபாப்ரிகாவை பழைய பதிவுகளில்தான் பார்த்தேன், அதுவும் முழுதாக இல்லை. ஆகவே என் தராசு நேரானது அல்ல. கோலஸ் பக்கம் தாழ்ந்துதான் நிற்கும்.

இரண்டும் ரஷ்யாவின் முதல் சேனலில் வந்தவை, இரண்டும் வெளிநாட்டில் உருவான வடிவங்கள். 'ஃபாப்ரிகா ஸ்வியோஸ்த்' என்றால் நட்சத்திரத் தொழிற்சாலை. 2002இல் தொடங்கியது. இளம் பாடகர்களை ஒரே வீட்டில் தங்கவைத்து, கேமரா வைத்து, பயிற்சி கொடுத்து, கச்சேரிகளில் பாடவிட்டு, ஒவ்வொருவராக வெளியே அனுப்புவார்கள். கோலஸ் 2012 அக்டோபரில் வந்தது. நான்கு பிரபலங்கள் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால் பொத்தானை அமுக்குவார்கள், நாற்காலி திரும்பும். திரும்பியவரின் அணியில் பாடகர் சேர்வார். அப்புறம் மோதல், நாக்அவுட், கடைசியில் மக்கள் ஓட்டு. இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

பேச்சு மொழி பழக வேண்டும் என்பது மட்டும் கணக்கு என்றால் ஃபாப்ரிகாதான் மேல். சமையலறையில் சண்டை, படுக்கையறையில் புலம்பல், அம்மாவுக்குப் போன் என்று நாள் முழுக்க ஓடும் பேச்சு அது. கோலஸில் தொகுப்பாளர் திமித்ரி நாகியெவ் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போடும் கிண்டல் எனக்குப் புரிய ஒரு சீசன் முழுக்கத் தேவைப்பட்டது.

ஆனால் நான் பார்ப்பது வேறு ஒன்றை: திரும்பப் போட்டுப் பார்க்க முடிகிறதா? மொழி பழகுகிறவர் ஒரே துண்டைப் பத்துத் தடவை கேட்க வேண்டும். பத்தாவது தடவையும் சலிக்காமல் இருக்க வேண்டும். ஃபாப்ரிகாவின் நடு வாரம் ஒன்றை இன்று எடுத்துப் பாருங்கள். யாருக்கு யாரோடு மனஸ்தாபம், இந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று ஒன்றும் விளங்காது. அன்றைய வம்பு அன்றைக்கே ஆறிப்போய்விட்டது. கோலஸில் ஒரு பாடகரின் முதல் சுற்று ஒரு சிறுகதை மாதிரி. முன்பின் எதுவும் தெரியத் தேவையில்லை.

நான் அதிகம் திரும்பப் பார்த்தது 2015இல் வந்த நான்காம் சீசனின் ஒரு துண்டு. கலூகா மாகாணத்து போரோவ்ஸ்க் மடாலயத்துத் துறவி ஃபோத்தி, கறுப்பு அங்கியோடு வந்து, 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவில் லென்ஸ்கி என்ற பாத்திரம் துப்பாக்கிச் சண்டைக்கு முன் பாடும் பாட்டைப் பாடுகிறார். நாற்காலிகளில் ஒன்றில் அலெக்சாந்தர் கிராத்ஸ்கி. மாஸ்கோவின் புகழ்பெற்ற போல்ஷோய் அரங்க மேடையிலேயே ஓபரா பாடிய டெனர், அதாவது உச்சஸ்தாயி ஆண் குரல். அவர் திரும்புவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அசையவில்லை. பொத்தானை அமுக்கியது கிரிகோரி லெப்ஸ் ஒருவர்தான். கரகரத்த தொண்டையில் உணவக மேடைகளிலிருந்து மேலே வந்தவர். திரும்பிப் பார்த்தால் எதிரே ஒரு சாமியார். அந்த சீசனில் ஜெயித்ததும் அந்தச் சாமியார்தான். அப்புறம் மடத்துக்கே திரும்பினார். முடிவு தெரிந்த பிறகும் கிராத்ஸ்கியின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன், இப்போது திரும்பிவிடுவாரோ என்று.

இரண்டாம் சீசனில் இப்படி நிறைய. மொட்டைத்தலையும் பச்சைகுத்திய உடம்புமாக தாஷ்கெந்தில் பிறந்த நர்கிஸ் ஸாகீரவா. பியானோவும் கையுமாக அந்தோன் பெல்யாயெவ். இருவரும் லியோனித் அகூத்தின் அணி. இருவருமே பட்டத்தை வெல்லவில்லை, ஆனால் அந்த சீசனில் என் நினைவில் முதலில் வருவது இவர்கள்தான். பின்னணிக்கு செர்கேய் ஜீலினின் வாத்தியக்குழு நேரடியாக வாசிக்கும். ரஷ்யாவில் பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைப்பதை 'ஃபனேரா' என்பார்கள், ஒட்டுப்பலகை என்று அர்த்தம். ஒட்டுப்பலகை இல்லாத மேடை என்பதற்காகவே அலுவலகத்தில் பலர் கோலஸ் பார்த்தார்கள்.

எந்த சீசன் என்றால், முதல் மூன்று. கிராத்ஸ்கி, பெலகேயா, அகூத்தின், திமா பிலான் நால்வரும் சேர்ந்த கூட்டணிக்கு ஈடு இல்லை. மூன்றிலும் ஜெயித்தது கிராத்ஸ்கியின் அணி என்பது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் மனிதர் அணியில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. மாஸ்கோவில் 2015இல் திறந்த தன் அரங்கில் கோலஸ் பாடகர்களைப் பாட வைத்தார். 2021இல் காலமானார். 2018க்குப் பிறகு வந்த சீசன்களை நான் விட்டுவிட்டுத்தான் பார்த்தேன், அதனால் அவற்றைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

நட்சத்திரத்தை உருவாக்குவதில் ஃபாப்ரிகா கெட்டி. அங்கே ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு தயாரிப்பாளர். புதுப் பாட்டு, குழு, சுற்றுப்பயணம் எல்லாம் பின்னாலேயே வரும். 'கோர்னி' குழு அப்படி வந்ததுதான். 2003இல் பதினாறு வயதில் ஜெயித்த பலீனா ககாரினா, ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே நடக்கும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 2015இல் இரண்டாம் இடம் பிடித்துவிட்டு, அதே வருடம் கோலஸின் சிவப்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கோலஸ் முதல் சீசனில் வென்ற தீனா கரீப்பவா 2013 யூரோவிஷனில் ஐந்தாம் இடம் வரை போனார். நல்ல குரல், எனக்குப் பிடித்த குரல். ஆனாலும் ககாரினா அளவுக்குப் பேர் எடுக்கவில்லை.

குழந்தைகள் கோலஸ் பக்கம் போகாதே என்றும் அவளிடம் சொன்னேன். குழந்தைகள் அழுவதை என்னால் பார்க்க முடியாது. அது போக 2019இல் ஒரு பிரபலப் பாடகியின் மகள் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க, ஊரே கொந்தளித்தது. விசாரித்ததில், சுமார் 300 எண்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகள் போயிருந்தன. முடிவையே ரத்து செய்தார்கள். ரஷ்ய மொழியில் 'கோலஸ்' என்றால் குரல், ஓட்டு இரண்டும்தான். நம் 'வாக்கு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சீசன் முதல் சுற்று, அப்புறம் ஃபோத்தி என்று எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. வார்டில் ஒரு பாட்டியிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே ஃபோத்தி பெயரைச் சொல்லியிருக்கிறாள். பாட்டி படுத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டு, "என் கோலஸும் அவருக்குத்தான் போச்சு" என்றாளாம். மறுபடி ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டியதாகிவிட்டதாம்.