“முழுவதும் புதுப்பித்த ரேஸ் கார்” என்று நம்பி 6,400 பவுண்டு கொடுத்தோம்

நேற்று ராத்திரி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. “24 மணி நேரப் பந்தயம் ஓடி முடித்த கார். முழுவதும் புதுப்பித்தது. வாங்கினால் நேராக டிராக்குக்கே கொண்டு போகலாம்.” காரின் நிறம் வேறு. ஆனால் போன வருடம் எங்களை விழவைத்த அதே வாசகம். போட்டோவில் பின்னால் தெரிகிற ஷெட் கதவும் அதே கதவுதான். பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. ஆள் பெயரை எழுத முடியாது, காரணம் கீழே வரும். என்ன நடந்தது என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறேன். நாங்கள் நான்கு பேர், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி போர்ஷே கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடித்த வாரத்தில்தான், வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்ததைச் செய்தே விடுவோம் என்று பணம் சேர்க்க ஆரம்பித்தோம். போர்ஷே எல்லாம் நம் கைக்கு எட்டாது. ஆனால் இங்கே சிட்ரோயன் சி1 என்கிற குட்டிக் காரை வைத்தே எண்டியூரன்ஸ், அதாவது பல மணி நேரம் விடாமல் ஓடுகிற பந்தயம் நடத்துகிறார்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். எல்லா அணிக்கும் ஒரே மாதிரிக் கார். ஓட்டுகிறவர்கள் மாறி மாறி உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் இறங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்படி ஒரு சி1 காரை எங்களுக்கு விற்றவர் நன்றாகப் பேசினார். டீ போட்டுக் கொடுத்தார். பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயத் தடத்தில் ஓடிய கார் என்று படம் காட்டினார். புது பெயிண்ட், புது டயர், கழுவித் துடைத்த எஞ்சின். ஸ்டார்ட் செய்தால் சத்தம் சுத்தமாக இருந்தது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டதற்கு, மீட்டரில் கிலோமீட்டர் கம்மிதான் பாருங்கள் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பந்தயக் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மிதியை முழுசாக அழுத்தி எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், அதற்கப்புறம் எதைக் கழற்றி மாற்றினார்கள், அதற்குப் பில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஒரு பில்கூட அவர் காட்டவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

எட்டு நாள் கழித்து, ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் ஆளைக் காப்பாற்ற உள்ளே கட்டுகிற இரும்புக் குழாய்க் கூண்டு கட்டுவதையே தொழிலாகச் செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டு போனோம். சீட்டை எங்கள் உயரத்துக்கு மாற்றத்தான் போனோம். அவர் சீட்டைத் தொடவே இல்லை. சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து, கேஜின் கால் இறங்குகிற இடத்தில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்தது தகடு இல்லை, பட்டி என்கிற பூச்சுக் கலவை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து மெழுகியிருந்தார்கள். கார் உருண்டால் முழு எடையையும் தாங்க வேண்டிய கால் அது.

அடுத்து ஒரு பல் டாக்டர் கண்ணாடியைக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்துக் காட்டினார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடக்கூடிய விஷயம். கேஜைக் காருக்குள் வைத்தே பற்றவைக்கும்போது, குழாய்கள் சேருகிற இடத்தின் மேல் பக்கம் கூரையை ஒட்டி இருக்கும், அங்கே வெல்டிங் டார்ச் போகாது. ஒழுங்காகச் செய்கிறவர்கள் காரின் தரைத் தகட்டில் ஓட்டை போட்டுக் கேஜைக் கீழே இறக்கியோ, கூரையை வெட்டியெடுத்தோ குழாயைச் சுற்றி முழுவட்டமாகப் பற்றவைப்பார்கள். எங்கள் காரில் கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பாதியில் மட்டும்தான் வெல்டிங். மேல் பாதியில் இடைவெளி அடைக்கிற சீலன்ட் பசையைத் தடவி அதற்கு மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

கடைசியாக, குழாயின் கனத்தை வெளியிலிருந்தே அளக்கிற அல்ட்ராசோனிக் கருவியைக் கேஜின் பிரதான வளைவில் வைத்தார். 45 மில்லிமீட்டர் குழாய் என்றால் சுவர்க் கனம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 50 மில்லிமீட்டர் குழாய்க்கு 2. அதுவும் தையல் இல்லாத குழாயாக இருக்க வேண்டும். எங்களுடையது 45. கருவியில் தெரிந்த எண் 1.6. பெரியவர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இதில் யாராவது ஓட்டிவிட்டீர்களா?”

எங்களில் இளையவன், தம்பி என்றுதான் கூப்பிடுவோம், முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அதை ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தான். பதில் சொல்லாமல் வெளியே போய் நின்றான். போன பணத்தைக்கூட நான் மறந்துவிடுவேன். அவன் அப்படி நின்றது மறக்காது.

பெல்ட்டும் அப்படித்தான். எஃப்ஐஏ என்கிற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் தரத்துப் பெல்ட்டில் எந்த வருடம் வரை செல்லும் என்று லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். தோள் பெல்ட்களில் லேபிள் இருந்தது. இடுப்புப் பெல்ட்களில் அதை அறுத்தெடுத்த நூல்தான் மிச்சம் இருந்தது. சீட்டில் 8855-1999 என்ற எஃப்ஐஏ தர ஸ்டிக்கர். அந்தத் தரத்துச் சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள், தயாரித்த கம்பெனியே சோதித்தால் இன்னும் இரண்டு வருடம் கூட்டலாம். எங்கள் சீட்டில் தேதியை மட்டும் சுரண்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே போன் செய்தோம். ரேஸ் காருக்கு உத்தரவாதம் கிடையாது, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். ரசீதில் தனிநபர் விற்பனை என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆனால் அதே ஷெட்டில் அன்றைக்கு இன்னும் மூன்று கார் விற்பனைக்கு நின்றதை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். இங்கே 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபர் விற்றால் அந்த உரிமை இல்லை. ரசீதில் அந்த ஒரு வார்த்தை ஏன் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒன்பதாவது நாளே கடிதம் போட்டோம். நீங்கள் நுகர்வோர் இல்லை, ரேஸ் டீம் என்று பதில் வந்தது.

10,000 பவுண்டுக்குள் என்பதால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனோம். முதலில் போனில் ஒரு மணி நேர மத்தியஸ்தம். பாதித் தொகை தருகிறேன், காரையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். காரைத் தர மாட்டோம் என்று நின்றோம். கொடுத்தால் வேறு நிறம் பூசி அடுத்த ஆளுக்கு விற்றிருப்பார். கடைசியில் 3,100 பவுண்டுக்கு முடித்தோம், பெயரை வெளியிடுவதில்லை என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டது தப்போ என்று நேற்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

கேஜை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். கார் கூடாக நிற்கிறது. பெரியவர் புதுக் கேஜ் கட்டித் தருகிறார், மாதாமாதம் கொடுத்து வருகிறோம்.

அந்த அல்ட்ராசோனிக் கருவி ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது புதுப்பித்த பந்தயக் கார் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள், கார் கவென்ட்ரி இருக்கிற மிட்லண்ட்ஸ் பக்கம் நிற்கிறது என்றால், முதலில் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வருவேன். காந்தமும் கண்ணாடியும் காரிலேயே இருக்கின்றன.