பஸ்ஸில் அரை மணி நேரம், பாக்கெட்டுக்கு 24 மில்லிசெகண்ட்

எங்கள் வீடு தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், மாமா வீடு அந்தப் பக்கம், கேரளாவில் கொழிஞ்சாம்பாறையில். மச்சானிடம் ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பெட்டி, என்னிடம் ஒன்று. இருவருக்கும் ஹேலோ 3 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் பைத்தியம். 2022 ஜனவரியில் அதன் ஆன்லைன் சர்வர்களை மூடிவிட்டார்கள். மிச்சம் சிஸ்டம் லிங்க் மட்டும்தான், அதாவது ஒரே வீட்டில் இரண்டு பாக்ஸையும் கேபிளில் கோத்து ஆடுவது. ஞாயிறுதோறும் பாக்ஸைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிப் போய் அலுத்த பிறகுதான், அந்தக் கேபிளை இன்டர்நெட் வழியாக நீட்ட ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினேன். மூன்று வருஷமாக ஓடுகிறது, அதனால் இப்போது அதைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் சாதாரண விபிஎன் (தூரத்து நெட்வொர்க்குகளை இன்டர்நெட் வழியாக இணைக்கும் சாஃப்ட்வேர்) போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. காரணம் வேடிக்கையானது. சிஸ்டம் லிங்கில் பாக்ஸ் தன் முகவரியை 0.0.0.1 என்று போட்டுக்கொண்டு, 3074 போர்ட்டில் "யாராவது இருக்கீங்களா" என்று நெட்வொர்க் முழுக்கக் கத்தும். அந்த முகவரியை எந்த ரூட்டரும் மதிக்காது, கத்தலும் வீட்டு வாசலைத் தாண்டாது. ஆகவே ஐபி எனும் இன்டர்நெட் முகவரி அடுக்குக்குக் கீழே இறங்கி, கேபிளில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேம் என்ற தகவல் பொட்டலத்தையே லிப்பிகேப் என்ற சாஃப்ட்வேர் நூலகம் கொண்டு பிடித்து, யுடிபி (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) உறைக்குள் போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் உறையைப் பிரித்து அப்படியே கம்பியில் விட வேண்டும். எக்ஸ்லிங்க் காய் என்ற சாஃப்ட்வேர் இதே வேலையைத்தான் இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறது. எங்களுக்கு இரண்டு பக்கமும் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்ததால் நேரடியாக இணைய முடியவில்லை. அதுவும் ஒரு காரணம், சும்மா எழுதிப் பார்க்கும் ஆசை இன்னொரு காரணம்.

முதல் ராத்திரியே மானம் போனது. நான் கம்பியில் விட்ட ஃபிரேமை என் புரோகிராமே திரும்பப் பிடித்து மச்சானுக்கு அனுப்ப, அங்கே அதுவும் அதையே செய்ய, இரண்டு வீட்டிலும் நெட் செத்துப்போனது. அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது போனில் என்மேல் விழுந்த திட்டிலிருந்துதான் தெரிந்தது. நம் வீட்டு பாக்ஸின் மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நெட்வொர்க் அடையாள எண்) கிளம்பியதை மட்டும் பிடி என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. இன்னொரு முட்டாள்தனம், யுடிபிக்குப் பதில் முதலில் டிசிபியில் (எல்லாம் வரிசையாக வந்து சேர்வதை உறுதி செய்யும் முறை) எழுதியது: ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு தொலைந்தால் அது திரும்பி வரும்வரை பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும், திரையில் ஆள் ஒரு நொடி உறைந்து அடுத்த நொடி செத்துக் கிடப்பான். வைஃபை லேப்டாப்பிலும் முயல வேண்டாம், பாக்ஸின் மேக் முகவரியைப் போட்டு வரும் ஃபிரேமை வைஃபை ஆக்சஸ் பாயின்ட் வாங்காது. இரண்டு வீட்டிலும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, கேபிளில்.

ஆனால் கோட் எழுதியது சின்ன வேலை. எக்ஸ்பாக்ஸ் 360 சிஸ்டம் லிங்குக்கு 30 மில்லிசெகண்ட் வரம்பு உண்டு. போய்வரும் நேரம் அதைத் தாண்டினால் எதிர்ப் பாக்ஸின் ஆட்டத்தில் சேரவே விடாது. பழைய எக்ஸ்பாக்ஸில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஃபைபரில் வெளிச்சம் மில்லிசெகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர் ஓடும், பக்கத்து ஊருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் என் பாக்கெட் கோபாலபுரத்திலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்கு இறங்கி, அப்புறம் பாலக்காடு வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறது. மாநில எல்லையில் கம்பெனி வேறு, டெலிகாம் வட்டம் வேறு, இரண்டும் பெரிய ஊரில்தான் கைகுலுக்கும். மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வர் வழியாக அனுப்பினால் 60க்கு மேல். கடைசியில் கைகொடுத்தது ஐபிவி6, அதாவது முகவரியைப் பங்கு போடத் தேவையில்லாத புது ஐபி முறை. இரண்டு வீட்டுக்கும் அது வந்திருந்தது, இரண்டு ராஸ்பெரி பையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தட்டினால் ரூட்டர் கதவு திறக்கிறது. சர்வருக்கு இப்போது ஒரே வேலைதான், கரண்ட் போய் வந்து முகவரி மாறினால் புது முகவரியை மற்றவருக்குச் சொல்வது. நேரடியாகப் போனால் 24 மில்லிசெகண்ட்.

24 என்பது ராத்திரி பத்தரைக்கு மேல். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை ஊரே வீடியோ பார்க்கும், 35 வரை ஏறும், "மாப்ளே, உள்ள விடமாட்டேங்குது" என்று மெசேஜ் வரும். இதற்கு நான் எவ்வளவு கோட் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. ஆடி மாசக் காற்றும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கிற வேகத்தில் தென்னை மட்டை கேபிள் மேல் விழுந்து நாலு நாள் நெட் இல்லாமல் கிடந்திருக்கிறோம். கரண்ட் கட்டில் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு இரண்டு முறை போனது, பிறகு கார்டில் எதுவும் எழுதாதபடி மாற்றிவிட்டேன், அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

உங்களுக்கு யாரோடும் பங்கு போடாத நேரடி ஐபி இருந்தால் எக்ஸ்லிங்க் காய் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள், இதெல்லாம் வேண்டாம். எனக்கு வருஷத்தில் இரண்டு வார இறுதி இதற்கே போகிறது, சந்தோஷமாகத்தான் போகிறது.

இப்போதைக்கு இந்த இன்டர்நெட் கேபிள், அதாவது டனல், நன்றாக இருக்கிறது, மச்சான் பாக்ஸின் டிஸ்க் தட்டுதான் திறக்க மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு பஸ் ஏறுகிறேன்.