டர்போவுக்குத் தண்ணீர் லைன் வேண்டுமா? சென்னையில் ஓட்டிப் பார்த்த வரையில்

பெட்ரோல் காரில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாற்றினாலும் சரி, புதிதாகப் போட்டாலும் சரி, பட்டறையில் இந்தக் கேள்வி வந்தே தீரும். இன்ஜின் கூலன்ட்டை டர்போவுக்குக் கொண்டுபோய்த் திருப்பும் தண்ணீர் லைனை இணைப்பதா, டர்போவில் அதற்கென இருக்கும் இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டு ஆயிலை மட்டும் நம்புவதா? "ஆயிலே போதும் சார், தண்ணி லைன் போட்டா லீக்தான் வரும்" என்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். இரண்டு விதமாகவும் ஓடுகிற கார்களைப் பல வருடமாகப் பார்த்துவருவதில் எங்கள் கருத்து ஒன்றுதான்: சென்டர் ஹவுசிங்கில் (டர்போவின் நடுவே பேரிங் இருக்கும் பகுதி) தண்ணீர் வழி இருந்தால் இணைத்துவிடுங்கள். அதைச் சரியாக இணைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

வண்டி ஓடும்போது பேரிங்கைக் காப்பது பெரும்பாலும் ஆயில் ஓட்டமே. முழு லோடில் பெட்ரோல் இன்ஜினின் எக்ஸாஸ்ட் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். அப்போதும் ஆயில் நிற்காமல் ஓடுவதால் பேரிங் தாங்கிக்கொள்ளும். சிக்கல் இன்ஜினை ஆஃப் செய்த பிறகு ஆரம்பிக்கிறது. ஆயில் பம்ப் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம் இருக்கும் டர்பைன் ஹவுசிங்கிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தேங்கிய சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங் பக்கம் ஏறும். அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இதுவே திரும்பத் திரும்ப நடந்தால் டர்பைன் பக்க ஆயில் வழி குறுகி, சீல் தேய்ந்து, ஒருநாள் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வரும். தண்ணீர் லைன் முக்கியமாக உழைப்பது இந்தச் சில நிமிடங்களில்தான். தண்ணீர் பம்ப் நின்றாலும், சூடான கூலன்ட் தானாக மேலே ஏற, ஆறிய கூலன்ட் கீழிருந்து உள்ளே வரும்.

சென்னை நெரிசல்தான் டர்போவைக் கொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கத்திப்பாராவிலும் மதுரவாயலிலும் ஊர்ந்து வருகிற வண்டியில் டர்போவுக்கு லோடே கிடையாது. வீடு வருவதற்குள் அது ஓரளவு ஆறியிருக்கும். பெங்களூர் ஹைவேயில் ஒரே வேகத்தில் வந்து, காஞ்சிபுரம் பக்கம் ஹோட்டல் வாசலில் திருப்பி உடனே சாவியை எடுக்கிறோமே, அங்கேதான் சேதம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு நேரே பிட்டுக்குள் வந்து ஆஃப் செய்வது அதைவிட மோசம். மே மாதத்தில் போனட்டுக்குள் காற்றே கொதிப்பதால் ஆறுவதற்கு இன்னும் நேரமாகும்.

ஷாஃப்ட் குண்டுகள் மேல் சுழலும் பால் பேரிங் டர்போ என்றால் யோசிக்கவே வேண்டாம், தண்ணீர் கட்டாயம். அதற்கு ஆயில் குறைவாகத்தான் போகும். ஃபீட் லைனில் ஆயிலைக் கட்டுப்படுத்த 1 மில்லிமீட்டர் அளவில் துளையுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டர் போடுவது வழக்கம். குறைந்த ஆயில் குறைந்த சூட்டைத்தான் எடுத்துச் செல்லும். குண்டுகள் இல்லாமல் ஆயில் படலத்திலேயே ஷாஃப்ட் சுழலும் ஜர்னல் பேரிங்கில் ஆயில் தாராளமாக ஓடுவதால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனாலும் வழி இருக்கும்போது அடைத்து வைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

இணைக்கும் விதத்துக்கு வருவோம். சப்ளை கீழ்ப்பக்கத் துளையிலும் ரிட்டர்ன் எதிர்ப்பக்கம் மேலே இருக்கும் துளையிலும் வர வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் சென்டர் ஹவுசிங்கை 20 டிகிரி வரை சாய்த்து வைக்கலாம். அப்படிச் சாய்த்தாலும் ஆயில் டிரெயின் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஆயில் தேங்கிச் சீல் வழியே கசியும். ரிட்டர்ன் ஹோஸ் தொடர்ந்து ஏறிக்கொண்டே போய்த் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ எக்ஸ்பான்ஷன் டேங்கிலோ சேர வேண்டும். நடுவில் ஏறி இறங்கி ஒரு வளைவு இருந்தால் அங்கே ஆவி நின்றுவிடும். ஆஃப் செய்த பிறகு டர்போ பக்கம் களகளவென்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி ஏர் எடுக்க வேண்டும்.

சப்ளையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. கைக்கு எட்டுகிறதே என்று ஹீட்டர் ஹோஸில் டி (மூன்று வழி இணைப்பு) போட்டுவிடுகிறார்கள். சில கார்களில் ஹீட்டருக்கு வால்வு உண்டு. ஏசியை முழுக் குளிரில் வைத்தால் அது மூடிக்கொள்ளும். சென்னையில் வருடம் முழுக்க அது மூடியேதான் இருக்கும். வால்வுக்குப் பின்னால் டி போட்டால் டர்போவுக்குத் தண்ணீரே போகாது. ஹீட்டர் கோர் லீக் ஆனதும் இரண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டிவிடுவதும் இங்கே சகஜம். பழைய கார் வாங்கியவர்கள் முதலில் அதைப் பாருங்கள். பிளாக்கில் இருக்கும் டிரெயின் பிளக்கிலிருந்து எடுப்பது நல்லது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் அங்கே அழுத்தம் இருக்கும். ஒரே ஹோஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டி போட்டால் அழுத்த வித்தியாசம் இல்லாமல் ஓட்டமே இருக்காது. வண்டி சூடான பிறகு, ஐடிலிங்கில் சப்ளை ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருக்க வேண்டும்.

பல டர்போக்களில் தண்ணீர் துளை எம்14×1.5 மரை. ஒவ்வொரு பேஞ்சோ போல்ட்டுக்கும் (உள்ளே துளை வழியாகக் கூலன்ட் போகும் போல்ட்) இரண்டு காப்பர் வாஷர், கழற்றும்போதெல்லாம் புதிது. பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய டர்போவோடு வரும் வாஷரையே திரும்பப் போடுவதால்தான் "தண்ணி லைன் போட்டா லீக்" என்ற பேச்சே வந்தது. ஹோஸின் உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர் போதும். டர்போவை ஒட்டி முதல் 15, 20 சென்டிமீட்டர் ஸ்டீல் பைப்பாகவும், அதன் பிறகு இ.பி.டி.எம் ரப்பர் கூலன்ட் ஹோஸ் வெப்ப உறையோடும் இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். சூடான கூலன்ட்டில் அது ஊறிப்போய்க் கிளிப் அடியில் கிழியும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் லைனால் பயன் கிடைக்காது. சென்டர் ஹவுசிங்கில் கூலன்ட் அங்கங்கே கொதிக்கும். கொதிக்கிற இடத்தில் உப்பு படியும். ரேடியேட்டரில் உப்பு தெரிவதற்கு முன்பே டர்போவின் குறுகிய வழி அடைபட்டுவிடும். டிஸ்டில்டு வாட்டரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இங்கே உறையும் பயம் இல்லை. ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கவும் கொதிநிலை உயரவும் அது வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

டர்போ ரேடியேட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கார்களில் தானாக ஏறும் ஓட்டம் போதவில்லை என்றால், 12 வோல்ட் சிறிய பம்ப் ஒன்றைச் சப்ளை லைனில் வைத்து டைமர் ரிலேயில் 5 நிமிடம் ஓட விடலாம். 1.5 ஆம்பியர் இழுத்தாலும் பேட்டரிக்கு அது பொருட்டே அல்ல. நிறைய ஐரோப்பிய பெட்ரோல் டர்போ கார்கள் கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வருகின்றன. இன்ஜினையே ஓட விடும் டர்போ டைமரைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீர் வந்துவிட்டது என்று ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபுல் சிந்தெடிக் போட்டு, சென்னை ஓட்டத்துக்கு 7,500 கிலோமீட்டரில் மாற்றுவது எங்கள் பழக்கம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பேஞ்சோவைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் கூலன்ட் சூட்டில் காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு மட்டும் தெரியும்.

எந்தக் காரணத்துக்காகவாவது லைனைக் கழற்றி அடைக்க வேண்டி வந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரைக் காற்றடித்து முழுக்க வெளியேற்றிய பிறகே பிளக் போடுங்கள். அடைபட்ட தண்ணீர் ஆவியாகி ஹவுசிங்கையே விரிசல் விட வைக்கும்.

டீசல்காரர்கள் இதற்காக அலைய வேண்டாம். 1.3 மல்டிஜெட் போன்ற டீசல் இன்ஜின்களில் டர்போ ஆயிலை மட்டும் நம்பி வடிவமைக்கப்பட்டது, தண்ணீர் வழியே கிடையாது. டீசல் எக்ஸாஸ்ட் பெட்ரோலைவிடச் சூடு குறைவு. ஹைவேயில் இருந்து இறங்கியதும் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு ஆஃப் செய்தால் போதும்.