மகன் எழுதும் காதல் கதை: ‘மை பிரில்லியன்ட் லைஃப்’

பள்ளிப் பருவத்தில் கருவுற்ற பெண்ணைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை, குழந்தை பிறந்த கையோடு திரையை இறக்கிவிடுகின்றன. விஷயம் வீட்டுக்குத் தெரியவருவது, அடி உதை, அழுகை, பிரிவு, கடைசியில் ஒரு சமாதானம் என்ற பழகிய தடத்தில் போய், பிரசவ அறை வாசலில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதோடு கதை முடிந்துவிடும். தென் கொரியாவிலேயே 2005-இல் வந்த ‘ஜெனி, ஜூனோ’, பதினைந்து வயது மாணவர்கள் இருவரின் கர்ப்பக் கதையைச் சர்க்கரை தூவிய நகைச்சுவையாகச் சொல்லிப் பார்த்தது. 2014 செப்டம்பரில் வெளியான ‘மை பிரில்லியன்ட் லைஃப்’ என்ற கொரியப் படம், அப்படிப்பட்ட கதைகள் முடிகிற இடத்திலிருந்து பதினாறு ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. அந்த இடைவெளிதான் இந்தப் படத்தைப் பார்க்கத் தக்கதாக ஆக்குகிறது. இதன் குறைகளும் அந்த இடைவெளியை அது எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் இருக்கின்றன.

டேசுவும் மிராவும் பதினேழு வயதில் பெற்றோரானவர்கள். இப்போது இருவருக்கும் முப்பத்து மூன்று. டேசு ஒரு காலத்தில் டேக்வாண்டோ விளையாட்டில் ஊர் நம்பிக்கை வைத்திருந்த மாணவன். பாடகியாக வேண்டும் என்று கனவு கண்ட மிரா, பள்ளியில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். இன்று அவன் டாக்சி ஓட்டுகிறான், அவள் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவர்களுடைய ஒரே மகன் ஆரூமுக்கு வயது பதினாறு. ஆனால் புரோஜீரியா என்னும் அரிய நோயால் அவனுடைய உடல் எண்பது வயது முதியவருடையதாகிவிட்டது. பள்ளிக்குப் போகாமல் புத்தகங்களிலேயே வளர்ந்த அந்தப் பையன், தன் பெற்றோர் சந்தித்துக் காதலித்துத் தன்னைப் பெற்ற கதையை அவர்களுக்குப் பரிசாகத் தருவதற்காக எழுதிக்கொண்டிருக்கிறான். கிம் ஏ-ரான் 2011-இல் எழுதிய முதல் நாவலைத் தழுவி ஈ ஜே-யோங் இயக்கிய படம் இது.

காதல் கதையை மகன் சொல்கிறான் என்ற இந்த ஏற்பாடு வெறும் உத்தியாக நின்றுவிடவில்லை. தான் காணாத ஒரு காலத்தைக் கேள்விப்பட்டதிலிருந்தும் ஆசையிலிருந்தும் அவன் கட்டி எழுப்புவதால், கடந்த காலக் காட்சிகள் அனைத்தும் சற்று மிகையான பச்சையோடும் நீரோடையின் மினுமினுப்போடும் வருகின்றன. முதலில் பார்க்கும்போது இது வணிகப் படத்துக்கே உரிய அலங்காரம் என்றுதான் தோன்றும். நோயாளியான ஒரு பையன் தன் பிறப்பு விபத்தாக இல்லாமல் அழகான ஒன்றிலிருந்து தொடங்கியதாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறான் எனப் புரிந்தபின், அந்த அலங்காரத்தின் மீது எரிச்சல் வரவில்லை. எதிர்பாராமல் உண்டான பிள்ளை, தான் எதிர்பாராமல் உண்டானவன் என்பதைத் தெரிந்துகொண்டு வளர்வது எப்படி இருக்கும் என்ற கேள்வியை எழுப்பியதற்காகவே இயக்குநரைப் பாராட்டலாம்.

நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது தயக்கத்தோடுதான் தொடங்கவேண்டியிருக்கிறது. காங் டாங்-வானும் சாங் ஹே-கியோவும் கொரியத் திரையுலகின் மிக அழகான முகங்களில் இரண்டு. இருவரும் 1981-இல் பிறந்தவர்கள் என்பதால் பாத்திரங்களின் வயது அவர்களுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரண்டு வேலை பார்த்து, மருத்துவமனைக் கட்டணத்துக்கு அல்லாடும் பெற்றோரின் களைப்பு அந்த முகங்களில் எளிதில் தங்குவதில்லை. மிராவின் கலைந்த தலைமுடியும் சாயம்போன சட்டையும்கூட யாரோ பார்த்துப் பார்த்துக் கலைத்ததாகவே தெரிகின்றன. பள்ளிச் சீருடையில் அவர்களே பதினேழு வயதினராகவும் வருவது இன்னும் சங்கடம். அந்தப் பகுதிக்கு உண்மையான பதின்வயது நடிகர்களைப் போட்டிருந்தால், அவர்கள் எவ்வளவு சிறியவர்களாக இருந்தார்கள் என்பது பார்த்த கணத்திலேயே நெஞ்சில் அறைந்திருக்கும்.

ஆனாலும் காங் டாங்-வான் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: டேசு வளரவே இல்லை. இளம்பெண்கள் பாட்டுக் குழுவொன்று தொலைக்காட்சியில் வந்தால் வாய் பிளந்து பார்க்கும் தகப்பன் அவன். மகனோடு பேசும்போது அண்ணனைப் போலவும், சில நேரம் தம்பியைப் போலவும் ஆகிவிடுகிறான். பதினேழில் நின்றுபோன இளமை ஒன்று அவனுக்குள் அப்படியே கிடக்கிறது. பொறுப்புகள் அதன் மேல் அடுக்கப்பட்டிருக்கின்றனவே தவிர அதை மாற்றவில்லை. சாங் ஹே-கியோவுக்கும் அவ்வாறான ஓர் இழை வாய்த்திருக்கிறது. தெருவில் மகனை வெறித்துப் பார்ப்பவர்களிடம் மிராவின் பழைய பள்ளிக்கூட வாய் திரும்பி வரும்போது, பொறுமைக்கும் தியாகத்துக்கும் சிலை வைத்தாற்போல் இருக்கும் தாய் மறைந்து, சண்டைக்காரப் பெண்ணொருத்தி நிற்கிறாள். அந்தப் பெண் இன்னும் நாலு இடத்தில் தலைகாட்டியிருந்தால் படம் எவ்வளவோ உயிர்ப்புப் பெற்றிருக்கும்.

மூத்த நடிகர்கள் குறைந்த நேரத்தில் அதிகம் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு முதியவராக வரும் பேக் இல்-சோப்புக்கும் ஆரூமுக்கும் இடையிலான நட்பு, உடலால் ஒத்த வயதினர் இருவரின் நட்பாக, நகைச்சுவையோடு எழுதப்பட்டிருக்கிறது. டேசுவின் தந்தையாக வரும் கிம் கப்-சூ, பிள்ளை தகப்பனாகிவிட்ட செய்தியில் இடிந்துபோன மனிதரின் கோபத்தையும் வெட்கத்தையும் உரக்கப் பேசாமலே காட்டிவிடுகிறார். இளம் பெற்றோரின் கதையில் அவர்களுடைய பெற்றோரை வில்லன்களாக்குவது எளிது. இப்படம் அதைச் செய்யவில்லை. ஆரூமாக நடித்த சிறுவன் ஜோ சாங்-மோக்கின் முகம் கனமான ஒப்பனைக்குள் புதைந்திருந்தாலும், கண்களும் குரலும் தங்கள் வேலையைச் செய்கின்றன.

நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கதையின் அறச்சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புரோஜீரியா நாற்பது இலட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரக்கூடிய நோய் என்கிறார்கள். எல்.எம்.என்.ஏ. என்ற மரபணுவில் நேரும் ஒரு சிறு மாற்றம்தான் அதற்குக் காரணம் என்பது 2003-இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதில்லை. கரு உருவாகும் கட்டத்தில் தற்செயலாக நேர்வது. தாய் பள்ளி மாணவியா, முப்பது வயதுக்காரியா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அறிவுத்திறனை நோய் பாதிப்பதில்லை என்பதால் ஆரூம் நாவல் எழுதுவதில் மிகை ஏதுமில்லை. மூட்டுகள் இறுகி, தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தடித்து, சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாகப் பதினான்கரை வயதுக்குள் பெரும்பாலும் இதயக் கோளாறாலோ பக்கவாதத்தாலோ உயிர் பிரிகிறது என்பதால், பதினாறை எட்டியவன் ஏற்கெனவே கணக்கைத் தாண்டி வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. வயதுக்கு மீறித் தாய் தந்தையான இருவருக்கு வயதுக்கு மீறி மூப்படையும் பிள்ளை பிறக்கிறான் என்ற அமைப்பை, அவசரப்பட்ட இளசுகளுக்குக் கிடைத்த தண்டனையாக வாசித்துவிட மிகச் சுலபமாக முடியும். அப்படி வாசிக்கும் உறவினர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. படம் அந்த வாசிப்பை ஒருபோதும் ஆதரிக்கவில்லை. டேசுவும் மிராவும் மகனுக்காக வருந்துகிறார்களே தவிர, அவனைப் பெற்றதற்காக வருந்துவதில்லை. ஆனால் மருத்துவர் வாயிலாக ஒரு வாக்கியத்தில் தீர்த்திருக்கக்கூடிய ஐயத்தைத் தீர்க்காமலே விட்டிருப்பது கவனக்குறைவு என்றே படுகிறது.

அதைவிடப் பெரிய கவனக்குறைவு, பிறப்பதற்கு முந்தைய ஒன்பது மாதங்களைப் படம் கடந்துபோகும் வேகம். கதை நிகழும் காலத்தைக் கணக்குப் பார்த்தால் ஆரூம் பிறந்தது 1998-ஐ ஒட்டிய ஆண்டாக இருக்கவேண்டும். அதற்குச் சற்று முன், 1997 நவம்பரில்தான் தென் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குக் கைநீட்டியது. நிறுவனங்கள் சரிந்து, வேலை இழந்த குடும்பத் தலைவர்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். அந்த நாட்டின் அன்றைய குடிமைச் சட்டப்படி, பெற்றோர் சம்மதத்தோடு பெண் பதினாறு வயதில் மணக்கலாம், ஆணுக்குப் பதினெட்டு ஆகவேண்டும். இருவருக்கும் பதினெட்டு என்று சட்டம் திருத்தப்பட்டது 2007-இல்தான். ஆகவே டேசு விரும்பியிருந்தாலும் உடனடியாகத் திருமணத்தைப் பதிவு செய்திருக்க முடியாது. பிள்ளையைத் தந்தைவழிக் குடும்பத் தலைவரின் கீழ்ப் பதியும் ஹோஜு முறை 2008 வரை நடப்பில் இருந்தது. கருக்கலைப்பு குற்றவியல் சட்டத்தில் குற்றமாகவே நின்றது. அது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 2019-இல். அக்காலத்தில் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட கொரியக் குழந்தைகளில் பெரும்பாலோர் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பதினேழு வயது மிரா பிள்ளையைத் தானே வளர்ப்பேன் என்று நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

படத்தில் இந்த நெருக்கடிகளின் எடை எனக்குத் தென்படவில்லை. வீட்டாரின் கோபம் பாதி நகைச்சுவையாகக் கரைந்துபோகிறது. பள்ளி என்ன சொன்னது, யார் கையொப்பமிட்டார்கள், முதல் மாத வாடகை எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் ஆரூமின் அழகிய உரைநடைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. சமூகப் படம் எடுக்கவேண்டும் என்று இயக்குநருக்குக் கட்டாயம் இல்லைதான். ஆனால் காதலின் வலிமையைச் சொல்ல வந்த படம், அந்தக் காதல் எதையெல்லாம் தாண்டியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நட்டம் காதலுக்குத்தான். பாடகியாக நினைத்தவள் எந்த நாளில் அந்த நினைப்பை விட்டாள் என்று ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, இருந்திருக்கலாம்.

அந்த இடத்தில் நமக்குக் கிடைப்பது, பிற்பாதியை நிரப்பும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் மின்னஞ்சல் நட்பும். நன்கொடை திரட்டும் நிகழ்ச்சியில் ஆரூம் தோன்றியபின், அவன் வயதொத்த நோயாளிச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எழுதத் தொடங்குகிறார். ஆரூமுக்கு முதன்முதலாகப் பதின்வயதுக்குரிய படபடப்பு வருகிறது. பெற்றோர் அவசரமாகக் கடந்த ஒன்றை மகன் நிதானமாக, எழுத்து எழுத்தாக அனுபவிக்கிறான் என்ற அளவில் இப்பகுதிக்குக் கதையில் இடம் உண்டு. அது எங்கே போய் முடிகிறது என்பதும் கசப்பான, துணிச்சலான திருப்பமே. ஆனால் அதன் பின் வரும் இறுதிப் பகுதி, பார்ப்பவரை அழவைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிடுகிறது. இசை நம் கையைப் பிடித்து இழுக்காத வரை கண்ணீர் தானாக வந்தது. இழுக்கத் தொடங்கியபின் வரவில்லை.

மொத்தத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்காகத் தாராளமாகப் பார்க்கலாம். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதிலும் தர்மசங்கடம் ஏதுமில்லை; உடல்சார்ந்த காட்சிகளில் படம் மிகவும் அடக்கமானது. சோகப் படங்களை நீண்டநேரம் தாங்க முடியாதவர்களும், வீட்டில் தீராத நோயுற்ற பிள்ளை இருப்பவர்களும் யோசித்துப் பார்க்கட்டும். மிராவின் பங்கு போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு நாவல் இருக்கிறது: 2021-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்ட அந்நூலில், பெற்றோரின் பதினேழாம் வயதுக்கு ஆரூம் இன்னும் தாராளமாகப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறான்.