கார் கதவு நசுங்கிட்டா: டென்ட் எடுக்கறதா, பட்டி பெயிண்ட்டா, கதவையே மாத்தறதா?

போன மாசம் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்துட்டே ஸ்டீயரிங்கை ஒடிச்சப்போ பின்பக்க கதவு தூண்ல உரசிடுச்சு. பெரிய வேகம்லாம் இல்ல, ஆள் நடக்கற வேகம்தான், ஆனா இறங்கி பார்த்தா கைப்பிடிக்கு கீழ உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கி இருக்கு, அதுக்கும் கீழ ஒரு விரல் நீளத்துக்கு கீறல். வயிறு எரிஞ்சுது. மூணு இடத்துல காட்டினேன், மூணு பேரும் மூணு விதமா சொன்னாங்க. ஒருத்தர் பெயிண்ட்டை தொடாமலே டென்ட்டை, அதாவது அந்த நசுங்கலை எடுத்துடலாம்னார், ஒருத்தர் டிங்கரிங் பண்ணி (தகடை தட்டி நிமித்தி), பட்டி (பள்ளத்தை ரொப்பற பசை) போட்டுதான் பெயிண்ட் அடிக்கணும்னார், இன்னொருத்தர் கதவையே மாத்திடுங்க சார்னுட்டார். அதுக்கப்புறம் ஒரு வாரம் இதையே தோண்டி துருவி கேட்டு பார்த்து தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம், டென்ட் எவ்ளோ பெருசுன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. பெயிண்ட் உடைஞ்சிருக்கா, தகடு மடிஞ்சிருக்கா, இந்த ரெண்டும்தான் கேள்வி. தட்டு மாதிரி அகலமா, மழுங்கலா உள்ள போன டென்ட் பார்க்க பயமா இருக்கும், ஆனா அது சுலபமா வெளிய வந்துடும். பக்கத்து வண்டி கதவு முனை பட்டு கத்தி வெச்ச மாதிரி விழுந்த சின்ன கோடுதான் பாடாப்படுத்தும், ஏன்னா அங்க தகடு நீண்டு போயிருக்கும். கீறலுக்கு நகத்தை குறுக்கால ஓட்டி பாருங்க. நகம் மாட்டலன்னா கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்லதான் கீறல், பாலிஷ்லயே போயிடும். மாட்டி, உள்ள சாம்பல் கலர்ல பிரைமர், அதாவது கலருக்கு அடியில இருக்கற பூச்சு தெரிஞ்சா பெயிண்ட் வேலை இருக்கு. தகடே பளபளன்னு தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க, துரு ஆரம்பிச்சிடும்.

இப்ப பெயிண்ட்லெஸ் டென்ட் ரிப்பேர். கதவோட உள் பேடை கழட்டியோ கண்ணாடி இறங்கற இடைவெளி வழியாவோ நீளமான கம்பியை விட்டு, பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமா தள்ளுவாங்க. எதிர்ல கோடு கோடா ஒரு லைட் வெச்சிருப்பாங்க, டென்ட் இருக்கற இடத்துல அந்த கோடெல்லாம் வளைஞ்சு தெரியும். என் கதவுல பண்ணும்போது பக்கத்துலயே நின்னு பார்த்தேன், பெயிண்ட்டுக்கு அடியில கம்பி முனை சின்னதா, நாடி துடிக்கற மாதிரி எழுந்து எழுந்து அடங்குது, ஒவ்வொரு தடவையும் அந்த கோடு ஒரு நூல் அளவு நேராகுது. கை எட்டாத இடம்னா வெளிய பசை போட்டு கொக்கி ஒட்டி இழுப்பாங்க. இதுல பெரிய லாபம் என்னன்னா கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கும், கலர் மேட்ச் ஆகுமாங்கற தலைவலியே கிடையாது, வேலையும் பெரும்பாலும் அன்னிக்கே முடிஞ்சிடும். ஆனா கதவு ஓரத்துல, அதாவது வெளித்தகடை உள் ஃபிரேம் மேல மடிச்சு ஒட்டியிருக்கற இடத்துல டென்ட் இருந்தா கம்பி போகாது. பாடி லைன், அதாவது கதவு தகடுல நீளமா ஓடற மடிப்பு கோடு மேல கூர்மையா மடிஞ்சிருந்தாலும் முழுசா வராது. அலுமினிய கதவுன்னா இன்னும் கஷ்டம், ஸ்டீல் மாதிரி பழைய வடிவத்துக்கு திரும்ப வர்ற குணம் அதுல கம்மி.

அப்புறம் வெந்நீர் ஊத்தி உறிஞ்சான் வெச்சு இழுக்கற வீடியோ எல்லாரும் பார்த்திருப்போம். அது பிளாஸ்டிக் பம்பருக்கு ஓரளவு சரி. ஸ்டீல் கதவுல நடுவுல லேசா குழிஞ்சு போனது டொப்புன்னு வெளிய வரலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

டிங்கரிங் பெயிண்ட்தான் நம்ம எல்லாருக்கும் பழகின வழி, ஆனா இதுலதான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். ஒழுங்கா பண்றவர் தகடை முடிஞ்ச வரைக்கும் இழுத்து தட்டி பழைய மட்டத்துக்கு கொண்டு வருவார், பட்டி மேலாக்க ஒரு மெல்லிய பூச்சுதான். அவசரத்துல பண்றவர் பள்ளத்தை அப்படியே பட்டியால ரொப்பிடுவார். 3 மில்லிமீட்டருக்கு மேல ஏத்தின பட்டி, தினமும் அடிச்சு சாத்தற கதவுல எத்தனை நாள் நிக்கும்? வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியா ஈரம் போகும், அடியில துரு பிடிக்கும். தகடை பிடிச்சு இழுக்கறதுக்காக அதுல சின்ன ஆணி மாதிரி பின்னை வெல்டிங் வெச்சாங்கன்னா தகடுக்கு பின்பக்கம் இருக்கற துரு தடுப்பு பூச்சு கருகிடும், அந்த இடத்துல திரும்ப வேக்ஸ் அடிக்கணும், நாம கேட்டாதான் செய்வாங்க. கலர் விஷயம் என்னன்னா, மெட்டாலிக், பேர்ல் கலர்னா அந்த ஒரு கதவை மட்டும் அடிச்சா வெயில்ல நிறம் தனியா தெரியும், பக்கத்து பேனல்லயும் கொஞ்சம் படர விட்டு அடிச்சு மேல கிளியர் கோட் குடுக்கணும். ஸ்ப்ரே பூத்ல அடிக்கறாங்களா திறந்த வெளியிலயான்னும் பாருங்க, தூசி ஒட்டினா நறநறன்னு இருக்கும்.

கதவை மாத்தறது? உள்ள குறுக்கால ஒரு சைட் இம்பாக்ட் பீம் இருக்கும், பக்கவாட்டுல இடிச்சா நம்மள காப்பாத்தறது அதுதான். அது வளைஞ்சிருந்தா தட்டி நிமித்தற பேச்சே வேண்டாம், கதவு மாத்தியே ஆகணும். ஃபிரேம் முறுகினாலும், ஓரம் கிழிஞ்சாலும் அதேதான். மத்தபடி என்னை மாதிரி சின்ன உரசலுக்கு மாத்தறது வீண்னு அடிச்சு சொல்வேன், ஏன்னா புதுக்கதவு பெரும்பாலும் வெறும் பிரைமரோடதான் வரும், அதுக்கும் பெயிண்ட் அடிக்கணும், கலர் மேட்ச் பிரச்சனை அப்படியேதான் இருக்கும். அதோட லாக், கண்ணாடி மோட்டார், ஒயரிங் எல்லாத்தையும் கழட்டி மாட்டணும். பழைய கதவு வாங்கறவங்க காந்தம் எடுத்துட்டு போங்க, ஸ்டீல் கதவுல காந்தம் வழுக்கற இடத்துல பட்டி இருக்கு. கலர் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது, வேரியன்ட்டும் அதேவா இருக்கணும், இல்லன்னா ஒயர் கனெக்டர் சேராது.

இன்சூரன்ஸ்ல போடலாமான்னா, நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய தொகையையும் அடுத்த ரினியூவல்ல போகப்போற நோ கிளைம் போனஸையும் (கிளைம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) கூட்டி, ரிப்பேர் செலவோட வெச்சு பாருங்க. டென்ட் மட்டும் எடுக்கறதுக்கு கிளைம் போட்டா பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம். கதவே மாத்தணும்னா தயங்காம போடுங்க.

நான் கடைசில டென்ட் எடுக்கறது, பெயிண்ட் ரெண்டையும் சேர்த்துதான் பண்ணேன். இது முடியும்னே முன்னாடி தெரியாது. முதல்ல கம்பி போட்டு டென்டை வெளிய எடுத்தாச்சு, தகடு மட்டத்துக்கு வந்ததால பட்டியே தேவைப்படல, கீறல் இருந்த இடத்துக்கு மட்டும் பிரைமரும் கலரும், கதவு முழுக்க கிளியர் கோட். வெறும் டென்ட் எடுக்கறதை விட செலவு கூடத்தான், ஆனா கதவுல ஒரு பொட்டு பட்டி இல்ல.

வண்டியை திரும்ப எடுக்கும்போது கதவை சுத்தி இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க, கண்ணாடியை ரெண்டு தடவை ஏத்தி இறக்குங்க. அப்புறம் கண்ணாடி மேல ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, உள்ள இறங்கற தண்ணி கதவு அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய சொட்டணும். உள்ள கால் வைக்கற மேட் நனைஞ்சா பேடுக்கு பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை சரியா ஒட்டலன்னு அர்த்தம். சில வண்டில சைட் ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள்ளதான் இருக்கும், அது சரியா வேலை செய்யவும் அந்த ஷீட் ஒழுங்கா ஒட்டியிருக்கணும், அதனால கூச்சப்படாம அங்கயே திரும்ப கழட்டி ஒட்ட சொல்லுங்க.