மாதவிடாய் நின்ற பிறகு தோலுக்கு எது: விலை கூடிய கிரீமா, டாக்டர் சீட்டா?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் நைட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். தூக்கத்திலேயே கெண்டைக்காலைச் சொறிந்திருக்கிறேன். நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும். கால் முழுக்கச் சாம்பல் பூத்தது போல இருந்தது. ராத்திரியில் முதுகில் எறும்பு ஊர்வது போலத் தோன்றும், விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்போது எனக்கு 49 வயது, மாதவிடாய் நின்று 14 மாதம்.

இந்த நிலைமையில் நம் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ‘மெனோபாஸ் சருமத்துக்கென்றே’ என்று எழுதி விற்கிற கிரீம், சீரம், கொலாஜன் பவுடர் வகையறா. இன்னொன்று, தோல் டாக்டரையும் மகளிர் டாக்டரையும் பார்த்து, அவர்கள் எழுதித் தருகிற சாதாரணப் பொருள்களை வாங்குவது. முதல் வழியில் ஐந்து மாதம் போனேன். இரண்டாவது வழியில் இரண்டரை வருஷமாக இருக்கிறேன். என் சாய்வு இரண்டாவது பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடியுங்கள், வெயிலில் அலையாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை.

காரணத்தை மட்டும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும்போது தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிற செராமைடு என்ற கொழுப்பும் குறைகிறது. தோலுக்குக் கட்டுமானம் தருகிற கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் முதல் ஐந்து வருஷத்திலேயே போய்விடும், அதன் பிறகு வருஷத்துக்கு 2 சதவீதம் என்கிறார்கள். அதாவது தோல் வறண்டு போவதோடு மெலிந்தும் போகிறது.

விலை கூடிய கிரீமைப் பற்றிக் குறையாகவே சொல்ல மாட்டேன். நான் வாங்கியது 50 கிராம் டப்பா, 1,850 ரூபாய். தடவியவுடன் முகம் மெத்தென்று ஆகும், வாசனையும் நன்றாக இருக்கும். உள்ளே என்ன என்று பார்த்தால் கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட், நியாசினமைடு, செராமைடு. எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் 400 ரூபாய் மாய்ஸ்சரைசரிலும் இவையேதான் இருக்கின்றன. டப்பாவின் மேல் ‘மெனோபாஸ்’ என்று போட்டிருப்பதால் உள்ளே ஹார்மோன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. விற்பனைப் பெண் அப்படி நினைக்கும்படி பேசினாள், நானும் நம்பினேன்.

சரி, பொருள் ஒன்றுதான் என்றால் வேறு எங்கே வித்தியாசம்? அளவில். இதைத் தோல் டாக்டர் எனக்கு ஒரு நிமிஷத்தில் காட்டிக் கொடுத்தார். டியூபைப் பிதுக்கி, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு போட்டார். அது அரை கிராம். ஒரு காலுக்குப் பாதம் சேர்த்து அப்படி எட்டுக் கோடு வேண்டும், ஒரு கைக்கு நான்கு. இரண்டு கால், இரண்டு கை சேர்த்தால் 24 கோடு, அதாவது 12 கிராம். வயிறு, முதுகெல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றாலே மாதத்துக்கு 360 கிராம் ஆகிறது.

நான் வாங்கிய டப்பாவை அந்தக் கணக்கில் தடவினால் நாலு நாளில் காலி. மாதத்துக்கு ஏழு டப்பா, 13 ஆயிரம் ரூபாயை நெருங்கும். யாரால் முடியும்? முடியாது என்பதால் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு டப்பாவை ஒன்றரை மாதம் ஓட்டினேன். விரலில் துளி தொட்டு, அரிக்கிற இடத்தில் மட்டும் ஒற்றி எடுப்பேன். விலை நினைவில் இருக்கும்போது கை தானாகக் குறைவாகத்தான் தொடும். கிரீம் வேலை செய்யவில்லை என்று ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற அளவுக்கு நான் அதைத் தடவவே இல்லை.

இப்போது வாங்குவது கிளிசரினும் பாரஃபினும் சேர்ந்த, வாசனை இல்லாத கிரீம். 400 கிராம் டப்பா 450 ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஏறக்குறைய ஒரு மாதம் வருகிறது. குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்திலேயே தடவிவிட வேண்டும். தாராளமாக எடுக்கலாம், மனசு கணக்குப் போடாது. பத்தே நாளில், நகம் பட்டால் அந்த வெள்ளைக் கோடு விழுவது நின்றது. தேங்காய் எண்ணெயும் வறண்ட தோலுக்கு நல்லதுதான், ஆனால் புடவை, தலையணை உறையெல்லாம் பிசுக்கு ஏறுவதால் நான் ராத்திரியில் பாதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். குதிகாலுக்கு 10 சதவீத யூரியா கிரீம் தனியாக உண்டு. வெடிப்பு ஆழமாக இருந்தால் அது எரியும், கொஞ்சம் ஆறிய பிறகு ஆரம்பிக்கலாம். இன்னொரு மாற்றம் சோப்பு. சாதாரணச் சோப்பு காரத்தன்மை உள்ளது, இருக்கிற கொஞ்சப் பசையையும் எடுத்துவிடும். அதனால் காரம் இல்லாத சோப்புக் கட்டிக்கு மாறினேன், அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டுமே போடுகிறேன்.

முகச் சுருக்கத்துக்கு டாக்டர் எழுதியது 0.025 சதவீத டிரெட்டினாயின், வைட்டமின் ஏ வகை கிரீம். பட்டாணி அளவுதான், முதலில் வாரம் இரண்டு ராத்திரி. ஆரம்பத்தில் தோல் உரிந்தது, பயந்து இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். அந்த டியூப் மாதக்கணக்கில் வருகிறது, விலை நான் வாங்கிய சீரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்குகிற டியூபில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தடவினால் உடனே அடங்கும், மாதக்கணக்கில் போட்டால் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்துவிடும். 2018இல் இப்படிப்பட்ட பல கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் தோலின் மேல்புறம். டாக்டர் பக்கம் நான் முழுக்கச் சாய்ந்ததற்குக் காரணம், மகளிர் டாக்டர் கேட்ட ஒரு கேள்வி. அரிப்பு என்றதும் முதலில் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் தோல் வறளும், முடி கொட்டும், இதுவும் அதுவும் ஒன்று போலவே இருக்குமாம். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “யூரின் போகும்போது எரியுதாம்மா?” என்று கேட்டார். அந்த ஒரு வருஷத்தில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தேன். கீழே இருக்கிற வறட்சியையும் எரிச்சலையும் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. டாக்டர் எழுதியது எஸ்ட்ரியால் கிரீம், அதாவது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன், பிறப்புறுப்புக்கு உள்ளே வைப்பது. முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. உடம்பில் ஏறுவது மிகக் குறைவு என்று சொல்லித்தான் கொடுத்தார். 15 கிராம் டியூப், 500 ரூபாய்க்குள், மூன்று மாதம் வருகிறது. அதற்கப்புறம் யூரின் இன்ஃபெக்‌ஷன் ஒரே ஒரு தடவைதான் வந்தது. எந்த டப்பா கிரீமும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

ஹார்மோன் மாத்திரை, ஜெல் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. எனக்குக் குப்பென்று சூடேறி வேர்ப்பது வாரத்தில் ஓரிரு தடவைதான், அதனால் நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் அக்கா ஒன்றரை வருஷமாக ஜெல் தடவுகிறாள், கர்ப்பப்பை இருப்பதால் அதன் பாதுகாப்புக்குக் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சாப்பிடுகிறாள். ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து நைட்டி மாற்றிக்கொண்டிருந்தவள் இப்போது தூங்குகிறாள். 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரை பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவிவிட்டது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இப்போது டாக்டர்கள் சொல்வது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், தொந்தரவு அதிகமாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு அபாயத்தைவிடப் பலன் கூடுதல். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது. தோல் பளபளப்புக்காக மட்டும் இதை எழுதித் தரமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்.

கிரீம் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முகத்துக்கு மட்டும் என்றால் ஒரு தடவைக்கு இரண்டரைக் கோடு போதும், 50 கிராம் டப்பா 40 நாள் வரும். வசதி இருக்கிறது, பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் பீஸ், கூடவே கூச்சம். செலவு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவும் மகளிர் பிரிவும் இருக்கின்றன, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். கொலாஜன் பவுடரை இரண்டு மாதம் பாலில் கலக்கிக் குடித்தேன், எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னும் நாள் போயிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

டாக்டரிடம் போகிறவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசி மாதவிடாய் எந்த மாதம், அரிப்பு எந்த நேரத்தில், யூரின் தொந்தரவு எத்தனை தடவை, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள், வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா. சொல்லக் கூச்சமாக இருக்கிறதை முதல் வரியில் எழுதி, தாளையே நீட்டிவிடுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்துச் சொட்டு ரத்தம் பட்டாலும் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த வாரமே போய்விடுங்கள்.